தாராவிக் காட்டுக்கு ஓர் அறிவிக்கையே காவல்

தாராவிக்கும் மித்தி ஆற்றுக்கும் இடையே 37 ஏக்கரில் நிற்கும் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா, 1977 வரை மாநகரக் குப்பை கொட்டப்பட்ட மேடு. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1983-இல் அங்கு முதல் கன்றை நட்டார். 1994-இல் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. குப்பைமேட்டில் வளர்ந்த மரங்களில் இன்று குக்குறுவான் குரல் கேட்கிறது; கரையோர அலையாத்திகளைக் கொக்கும் மீன்கொத்தியும் நாடி வருகின்றன. நூற்றுக்கு மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. மனிதர் நட்டு வளர்த்த காடு என்பதற்காக அதன் மதிப்பு குறைந்துவிடாது.

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் அதானி குழுமத்திடம் 2023-இல் முறைப்படி ஒப்படைக்கப்படும் முன்பே பூங்காவின் கதி குறித்து ஐயம் எழுந்தது. 2022-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கலானது. பூங்கா திட்டத்தில் இல்லை என அரசுத் தரப்பு தெரிவித்தது. நல்லதே. ஆயினும் பூங்காவின் மெய்யான அரண், அது பாதுகாக்கப்பட்ட காடு என 1991-இல் வெளியான அறிவிக்கைதான். அது இருக்கும்வரை, 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் முன் அனுமதியின்றி அந்நிலத்தைக் காடல்லாத பயன்பாட்டுக்கு மாற்ற இயலாது.

அறிவிக்கை இல்லாவிடில் என்ன ஆகும் என்பதை ஆரே காலனி காட்டியது. 2019 அக்டோபர் 4-இல், மெட்ரோ பணிமனைக்காக மரம் வெட்டுவதை எதிர்த்த மனுக்களை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்றிரவே கோடரிகள் இறங்கின. 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிடுவதற்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் சாய்ந்துவிட்டன.

இந்நிலையில், அறிவிக்கையோ அரசுப் பதிவோ இல்லாத காடுகளைச் சட்ட வரம்புக்கு வெளியே தள்ளும் திருத்த மசோதா 2023-இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. கூட்டுக் குழு ஒரு திருத்தமும் பரிந்துரைக்கவில்லை. மணிப்பூர் அமளிக்கிடையே மக்களவை ஜூலை 26-இலும், மாநிலங்களவை ஆகஸ்ட் 2-இலும் அதை நிறைவேற்றின. காடு என்பதற்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்ற 1996-ஆம் ஆண்டு கோதவர்மன் வழக்கின் ஆணையைப் பின்பற்றுமாறு 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அவைகள் செய்திருக்க வேண்டிய வேலையை நீதிமன்றம் செய்ய நேர்ந்தது.

வீடு வேண்டுமா, மரம் வேண்டுமா என்று தாராவி மக்களிடம் கேட்பது நேர்மையான கேள்வியன்று. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உள்பட, நெருக்கமான சந்துகளில் வாழும் அம்மக்களுக்கு எட்டும் தொலைவிலுள்ள காடு இது ஒன்றே. பூங்காவைப் பராமரிப்பதோ நகர வளர்ச்சிக்கென்றே அமைந்த எம்.எம்.ஆர்.டி.ஏ. என்பதால் கண்காணிப்பு இரட்டிப்பாக வேண்டும். 1991 அறிவிக்கையைத் தொடும் எந்த விண்ணப்பம் தில்லிக்கு வந்தாலும், அமைச்சகம் முடிவெடுக்கும் முன் அதை இரு அவைகளிலும் வைக்க வேண்டும் என மும்பை உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி இப்போதே கோரலாம்.