மாமா போட்ட மோட்டு

அக்கா பையனுக்கு ஒரு கார் வாங்கிக் கொடுத்தேன், சார். பி.எம்.டபிள்யூ! சல்லிக்காசு செலவில்லை. அதற்காக அவன் என்னோடு எட்டு நாள் பேசவில்லை.

பாபநாசத்தில் அக்கா வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் 'நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்' என்று 2005-ல் வந்த கார் ரேஸ் விளையாட்டு. ஆரம்பத்திலேயே எம்3 ஜி.டி.ஆர். என்ற பி.எம்.டபிள்யூவைக் கையில் கொடுப்பார்கள். 'ஆஹா' என்று நாலு ரவுண்டு ஓட்டுவதற்குள், ரேஸர் என்கிற வில்லன் வண்டியில் கோளாறு பண்ணி அதைப் பறித்துக்கொண்டு போய்விடுவான். அப்புறம் ஒரு சாதா வண்டியை வைத்துக்கொண்டு, 15 பேர் பட்டியலில் கடைசி ஆளிலிருந்து ஒவ்வொருவராக ஜெயித்து, முதல் ஆளான ரேஸரையும் மண்ணைக் கவ்வ வைத்தால்தான் அந்தக் கார் திரும்பக் கிடைக்கும். நடுநடுவே போலீஸ் துரத்தல் வேறு!

மருமகன் எடுத்தது ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப். ரெண்டு மாசமாக, கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து (1944-லிருந்து கரண்ட் தயாரிக்கிற ஊர் சார், ஆனாலும் கட் உண்டு!) அதை ஓட்டி ஓட்டி 5-வது ஆள் வரை வந்துவிட்டான். அங்கே மாட்டிக்கொண்டான்.

"முடியல மாமா..."

ஒரு தாய்மாமனால் இதைத் தாங்க முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை அவன் ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரம். நாம் எதுவரை ஜெயித்தோம் என்பது கம்ப்யூட்டரில் ஒரு குட்டி ஃபைலாக உட்கார்ந்திருக்கிறது. நம்மிடம் இருக்கிற கார்கூட அதில் வெறும் ஒரு எண்தான். அதை மாற்ற யாரோ புண்ணியவான்கள் புரோகிராம் எழுதி வைத்திருக்கிறார்கள். மாற்றினேன். 'முதலில் ஒரு காப்பி எடுத்து வை' என்று எச்சரிக்கை இருந்தது. ஆபீஸிலேயே எந்த ஃபைலுக்கும் காப்பி எடுக்காதவன் நான். இதற்கா எடுப்பேன்?

ஈரத்தலையோடு வந்தான். ஜி.டி.ஆர். ஜம்மென்று நின்றது. கோல்ஃபைக் காணோம். நான் மாற்றியது அதன் எண்ணைத்தான்!

"என் வண்டி எங்க மாமா?"

"அதான் இது! ரேஸர் வண்டிலே! மாமா பூட்டைத் திறந்துட்டேம்லா!"

"இது நான் ஜெயிச்சது இல்லியே..." உதடு துடித்தது.

சமாளிக்கச் சரித்திரத்தை இழுத்தேன். "ஏலே, நிஜ ஜி.டி.ஆரே மோட்டு போட்ட வண்டிதான், தெரியுமா? கடையில வித்த எம்3-க்கு ஆறு சிலிண்டர். 2001-ல அமெரிக்கன் லே மான்ஸ் பந்தயத்துக்கு மட்டும் எட்டு சிலிண்டர் எஞ்சின வச்சு ஜெயிச்சுட்டாங்க!"

"அப்புறம்?"

"மறு வருஷம் விதியை மாத்திட்டாங்க. நூறு காரு, ஆயிரம் எஞ்சின் செஞ்சாத்தான் சலுகைன்னாங்க. பி.எம்.டபிள்யூ விலகிடுச்சு."

"பாத்தீங்களா?" என்றான். அதோடு பேச்சு நின்றது.

ஆபீஸில் சிபாரிசில் எனக்கு முன்னால் சீட் பிடித்த ஒருத்தரைப் பற்றிப் பத்து வருஷமாகப் புலம்பிக்கொண்டிருக்கிறேன். அன்று ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது. கேட்காத பிள்ளைக்குச் சிபாரிசு பண்ணி, அவன் உழைத்துச் சம்பாதித்த சீட்டையும் காலி பண்ணியிருக்கிறேன்!

அடுத்த திங்கட்கிழமை, ஆபீஸ் விட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். புதுசாக ஆரம்பித்து, ரேஸரிடம் முறைப்படி காரைப் பறிகொடுத்து, ஒரு கோல்ஃப் எடுத்தேன். முதல் பந்தயத்திலேயே ஏழு தடவை தோற்றேன். எட்டாவது தடவை லாரியில் மோதினேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். "திருப்பத்துல பிரேக்கைப் பிடிங்க மாமா... ஐயோ, தள்ளுங்க!"

தள்ளிக்கொண்டேன். இப்போது 14-வது ஆளிடம் இருக்கிறோம்.

காப்பி எடுத்து வைத்திருக்கிறேன், சார். மூணு!