கேரவன்ல போனா பெருமை, கூடாரத்துல இருந்தா இளப்பமா?



சினிமா நடிகர்கள் ஷூட்டிங்குக்குப் போகும்போது கூடவே ஒரு பெரிய வண்டி போகுமே, பார்த்திருக்கீங்களா? அதுக்குப் பேர் கேரவன். உள்ளேயே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை எல்லாம் இருக்கும். அமெரிக்காவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நிறையப் பேர் வீட்டைப் பூட்டிவிட்டு இந்த மாதிரி வண்டியில் மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போறாங்களாம். அதில் சில பெண்கள் தையல் மெஷினையும் வண்டியிலேயே வைத்துக்கொண்டு, போற ஊரில் கிடைக்கிற துணித் துண்டுகளை வாங்கி, ஒட்டுத்துணிப் போர்வை தைத்துக்கொண்டே போறாங்க. அந்தப் போர்வைக்கு அங்கே குயில்ட் என்று பேர். கென்டக்கி மாநிலத்தில் படூக்கா என்ற ஊரில் 1991-ல் குயில்ட்டுக்காகவே ஒரு அருங்காட்சியகம் திறந்திருக்காங்க. அந்த ஊருக்கு இந்த வண்டிக்காரங்க கூட்டமா வருவாங்க. நம்ம பக்கத்து மாநிலம் கேரளாவிலும் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று அரசே ஒரு திட்டம் அறிவித்தது.

இதைக் கேட்டதும் "ஆகா! என்ன ஜாலியான வாழ்க்கை!" என்று நமக்குத் தோணும். தோணட்டும், தப்பில்லை. ஆனால் என் கேள்வி வேற. ஊர் ஊராகப் போய், போற இடத்தில் தங்கி, கையால் பொருள் செய்து பிழைக்கிறவங்க நம்ம நாகப்பட்டினத்திலேயே இருக்காங்களே! அவங்களைப் பார்த்தால் மட்டும் ஏன் நாம் மூக்கைப் பொத்துகிறோம்?

இது புதுசு இல்லை

வண்டியையே வீடாக்கிப் பயணம் போவது வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீங்க. கடற்கரையில் உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய் விற்ற உமணர்கள் பற்றி நம்ம சங்க இலக்கியத்தில் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் அவங்க வண்டி எப்படி இருந்தது என்றே வருகிறது என்று தமிழ் ஐயா சொன்னார். மேலே கூரை, கோழி அடைய ஒரு கூடு, தொங்கவிட்ட சின்ன உரல், கயிற்றால் கட்டிய காடிக் கலயம். குழந்தை வைத்திருக்கும் ஒரு பெண் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறாள். இதைக் கேட்டபோது எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது. இதுவும் ஒரு கேரவன்தானே! என்ன, டீசலுக்குப் பதில் வைக்கோல்.

அடுத்து லம்பாடிகள். இவங்களைப் பஞ்சாரா என்றும் சொல்வாங்க. மாட்டு மேல் உப்பும் தானியமும் ஏற்றி நூற்றுக்கணக்கான மைல் போன வியாபாரிகள் இவங்க. ராஜாக்களின் படைகளுக்கே தானியம் கொண்டுபோய்க் கொடுத்திருக்காங்க. போற வழியில் பெண்கள் சும்மா இருக்கவில்லை. துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு, கண்ணாடி, சோழி, வண்ண நூல் வைத்துப் பாவாடை, பை, விரிப்பு எல்லாம் தைத்தாங்க. கர்நாடகாவில் சண்டூர் என்ற ஊரின் லம்பாணித் தையலுக்கு 2010-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023 ஜூலையில் ஹம்பியில் 450-க்கும் மேற்பட்ட லம்பாணிப் பெண்கள் செய்த 1,755 வேலைப்பாடுகளை ஒரே இடத்தில் வைத்துக் கின்னஸ் சாதனை செய்தாங்க. நம்ம தமிழ்நாட்டிலும் தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்கள் "போர்கை" என்ற பெயரில் சேர்ந்து இந்தத் தையலைச் செய்றாங்க. போர்கை என்றால் அவங்க மொழியில் பெருமை என்று அர்த்தம்.

ஊசியும் நூலும் ஏன்?

ஊர் சுற்றுகிறவங்களுக்கு ஏன் தையல் ஒத்துப்போகிறது என்று யோசித்துப் பார்த்தேன். தறி வைத்தால் தூக்கிக்கொண்டு போக முடியாது. சூளை வைத்தால் அங்கேயே கிடக்கணும். ஊசியும் நூலும் முந்தானையில் முடிஞ்சுக்கலாம். வண்டி ஆடினால் எடுத்து வைக்கலாம், நின்றால் மறுபடி எடுக்கலாம். துணிக்கும் காசு வேண்டாம், கிழிந்தது போதும். வங்காளத்தில் காந்தா என்ற போர்வையைப் பழைய புடவைகளை அடுக்கித்தான் தைப்பாங்க. நூலைக்கூடப் பழம்புடவைக் கரையிலிருந்து உருவுவாங்களாம். ராஜஸ்தான், குஜராத், சிந்து பக்கம் ரல்லி என்று ஒரு போர்வை. அதுவும் பழந்துணிதான். ஊர் ஊராகப் போகும் ஜோகி மக்களும் இதைத் தைப்பாங்க.

இதில் அறிவியலும் இருக்கு. ஒரு கனமான துணியைவிட நாலு மெல்லிய துணியை அடுக்கித் தைத்தால் குளிர் தாங்கும். ஏனென்றால் நடுவில் காற்று மாட்டிக்கொள்கிறது. காற்று ஒரு அரிதிற்கடத்தி என்று நாம் படிக்கிறோம். பள்ளிக்கூடமே போகாத ஒரு ஆயா அதைக் கையால் கண்டுபிடித்துவிட்டாங்க!

நம்ம ஊரிலும் இது உண்டு. அறுப்பு முடிந்ததும் உறுமி அடித்துக்கொண்டு பூம்பூம் மாட்டுக்காரர் வருவாரே, அந்த மாட்டின் மேல் கிடக்கிற துணியை உற்றுப் பாருங்க. ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்த பழைய புடவையும் துண்டும் சேர்த்துப் போர்த்தியது. "அந்த மாட்டு மேல நம்ம தெருவே கிடக்குடி" என்று எங்க அப்பாயி சொல்வாங்க. சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. அப்போ நான் பிறக்கவே இல்லை. நிவாரணம் என்று லாரி லாரியாக வந்த பழந்துணி ரோட்டோரம் குவிந்து வீணாகக் கிடந்ததாம். அதையும் அப்பாயிதான் சொன்னாங்க. ஆனால் 2005-ல் புதுச்சேரி பக்கத்தில் ஆரோவில்லில், மீனவப் பெண்கள் துணி வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளில் "சுனாமிகா" என்ற குட்டிப் பொம்மை செய்து உலகம் முழுக்க அனுப்பினாங்க. துண்டுத்துணி குப்பையா பொருளா என்பது அதை எடுக்கிற கையைப் பொறுத்தது.

எப்போ இளப்பம் வந்தது?

இவங்க எப்போதும் இளப்பமானவங்களாக இருக்கவில்லை. ஒரு காலத்தில் இவங்க வராவிட்டால் ஊருக்கு உப்பே இல்லை. பிறகு ரயில் வந்தது. நம்ம நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லேயே ரயில் ஓடியது. உப்பும் தானியமும் ரயிலில் ஏறின. மாட்டில் சரக்கு ஏற்றிப் போனவங்க பிழைப்பு படுத்தது. அதற்கு மேல் 1871-ல் ஆங்கிலேயர்கள் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டாங்க. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி! பேரைப் பதியணும், கூப்பிட்டபோது போய் நிற்கணும், அனுமதி இல்லாமல் ஊர் தாண்டக் கூடாது. ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கிறவங்களுக்கு இது கையைக் கட்டிப் போட்ட மாதிரி. நாடு முழுக்க இந்தப் பட்டியலிலிருந்து எல்லோரையும் விடுவித்தது 1952-ல்தான். சட்டம் போய்விட்டது. ஆனால் "பிள்ளை புடிக்கிறவன் வர்றான், உள்ள வா" என்று நாம் சொல்வது போகவில்லையே!

2021-ல் மாமல்லபுரத்தில் கோயில் அன்னதானத்தில் தன்னை உட்கார விடவில்லை என்று ஒரு நரிக்குறவர் பெண் பேசிய வீடியோவை எல்லோரும் செல்போனில் பார்த்தாங்க. அதன் பிறகு அமைச்சரே அவங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். முதலமைச்சர் அவங்க ஊரான பூஞ்சேரிக்குப் போனார். 2022 டிசம்பரில் நரிக்குறவர், குருவிக்காரர் மக்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நல்லதுதான். ஆனால் பக்கத்தில் உட்கார வைப்பதற்குச் சட்டம் வேண்டுமா? நாம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் போதாதா?

வித்தியாசம் சக்கரத்தில் இல்லை

"சரி, அவங்க வாழ்க்கை அவ்வளவு நல்லதுன்னா நீ போய் இருப்பியா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாட்டேன். ஐப்பசி கார்த்திகை மழையில் தார்ப்பாய்க்குக் கீழே படுக்க என்னால் முடியாது. பூச்சி பொட்டு வரும். பெரிய பொண்ணுங்க எங்கே குளிப்பாங்க, எங்கே துணி மாற்றுவாங்க? இதை எல்லாம் மறைத்துவிட்டு "நாடோடி வாழ்க்கை இன்பமயம்" என்று நான் எழுதினால் அது பொய்.

ஆனால் இதிலேயே பதிலும் இருக்கு. கேரவனையும் கூடாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. இரண்டும் ஊர் ஊராகப் போகும். இரண்டிலும் தையல் நடக்கும். என்ன வித்தியாசம்? கேரவனில் கழிவறை இருக்கு. உள்ளே தாழ்ப்பாள் இருக்கு. திரும்பிப் போக ஒரு விலாசம் இருக்கு. பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்ற தைரியம் இருக்கு. கூடாரத்தில் இந்த நாலும் இல்லை. அப்படியென்றால் குறை ஊர் சுற்றுவதில் இல்லை. இந்த நாலும் கிடைக்காததுதான் குறை. "ஒழுங்கா ஒரு இடத்துல இருங்க" என்று புத்தி சொல்வதைவிட, இருக்கிற இடத்தில் ஒரு கழிவறையும் தண்ணீரும் கொடுப்பது பெரிய உதவி.

கொஞ்சம் கொஞ்சமாக வழி பிறக்கிறது. 2020 அக்டோபரிலிருந்து ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டிலும் இருக்கு. வெளியூர்க் கடையிலும் அரிசி வாங்கலாம். படிப்புக்கு 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் இருக்கு. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளை, டி.சி. வரத் தாமதம் என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ பள்ளியில் சேர்க்காமல் இருக்கக் கூடாது. நம்ம நாகப்பட்டினம் பக்கத்திலேயே சிக்கலில் "வானவில்" என்ற பள்ளியை சுனாமிக்குப் பிறகு பூம்பூம் மாட்டுக்காரர், நரிக்குறவர் வீட்டுப் பிள்ளைகளுக்காகவே தொடங்கினாங்க. ஆனால் ஒன்று கவனியுங்க. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்போடு நிற்கிறது. எனக்கு இப்போது 14 வயது, ஒன்பதாவது படிக்கிறேன். ஊர் மாறிப்போகும் என் வயதுப் பொண்ணு ஒருத்திக்கு இன்றைக்கு அந்தச் சட்டத்தின் துணை கிடையாது. அதைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டணும் என்பது என் கருத்து.

நம்ம பள்ளியில் என்ன செய்யலாம்?

போன வருஷம் ஆறாம் வகுப்பில் ஒரு பொண்ணு இரண்டு மாதம் வந்து படித்தாள். குடும்பம் ஆற்றங்கரையில் தங்கியிருந்தது. அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மதிய உணவு வரிசையிலும் தள்ளி நின்றாங்க. என் புத்தகப் பை கிழிந்திருந்ததைப் பார்த்து, "குடுக்கா, தெச்சுத் தரேன்" என்று வாங்கிப் போய், மறுநாள் சிவப்புத் துணியில் பூ மாதிரி ஒட்டுப் போட்டுக் கொண்டுவந்தாள். பை கடையில் வாங்கினபோது இருந்ததைவிட அழகாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. கூடாரமும் இல்லை. அவள் எந்தப் பள்ளியில் சேர்ந்தாளோ, சேர்ந்தாளோ இல்லையோ, யாருக்கும் தெரியாது. அடுத்து ஒரு பொண்ணு வந்தால் இப்படிப் போய்விடக் கூடாது. அதற்காக நாலு விஷயம் கேட்கிறேன்.

1. யாராவது அழுக்காக வந்தால் ஒரு சாதிப் பேரைச் சொல்லித் திட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கு. அதை விடணும். அது ஒரு மக்களின் பெயர், வசைச் சொல் இல்லை.

2. இடையில் வந்து சேரும் பிள்ளைகளுக்கு வகுப்புக்கு இரண்டு பேர் துணையாக இருக்கணும். பக்கத்தில் உட்காரணும், நோட்டுக் கொடுக்கணும். அவங்க ஊரை விட்டுப் போகும்போது எந்த ஊர் என்று கேட்டு நம்ம டீச்சரிடம் சொல்லணும். டீச்சர் அங்குள்ள பள்ளிக்கு ஒரு போன் செய்தால் அந்தப் பிள்ளையின் படிப்பு நிற்காது.

3. வேளாங்கண்ணித் திருவிழாவிலும் நாகூர் கந்தூரியிலும் பாசிமணி வாங்கும்போது அஞ்சு ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசாதீங்க. ஐஸ்கிரீம் வாங்கும்போது யாரும் பேரம் பேசுவதில்லையே!

4. டெய்லர் கடைகளில் வெட்டிப் போடும் துண்டுத் துணியைச் சேகரித்து, கைத்தொழில் பீரியடில் வகுப்புக்கு ஒரு சதுரம் தைப்போம். எல்லாவற்றையும் இணைத்தால் ஒரு பெரிய போர்வை. ஆண்டு விழா மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் பேனருக்குப் பதில் அதைக் கட்டலாம். சொல்லித்தர வெளியிலிருந்து ஆள் தேட வேண்டாம். ஊருக்கு வருகிற அந்த அம்மாக்களையே தலைமையாசிரியர் அனுமதியோடு அழைப்போம். நம்ம பள்ளி வாசலில் இதுவரை கை நீட்டி நின்றவங்க, உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து நமக்குப் பாடம் எடுக்கட்டும்.

விழா முடிந்ததும் அந்தப் போர்வையை மூட்டை கட்டிப் பீரோவில் வைக்க வேண்டாம். அடுத்த மழைக்காலத்தில் ஆற்றங்கரையில் எந்தக் குடும்பம் தங்குகிறதோ அவங்களுக்கே கொடுப்போம். என்ன சொல்றீங்க? நான் சொல்வது தப்பு என்று நினைப்பவங்களும் எழுதலாம். இந்தச் சுவரிதழுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன். பென்சிலும் கயிற்றில் கட்டியிருக்கு. படித்துவிட்டுச் சும்மா போகாதீங்க.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி