பழைய சைக்கிளை உலர்த்தேய்ப்பு தேய்க்காதீங்க
1/ ராயபுரம், திருவொற்றியூர் உப்புக்காத்துல எந்த சைக்கிளும் துருப்பிடிக்கும். 90கள்ல ஓட்டின ஹெர்குலிஸ் எம்டிபியைத் தூக்கிப் போடாம பெயின்ட் அடிச்சு ஓட்டுறது நல்ல விஷயம். என் சண்டை அதோட இல்ல.

2/ ‘கம்மி செலவுல புது சைக்கிள்’ வீடியோக்களோடதான். மாஸ்க் கிடையாது. வீட்டு வாசல்லயே உப்புத்தாளை வச்சு பரபரன்னு தேய்க்கிறாங்க. பக்கத்துல குழந்தை விளையாடுது.

3/ எந்தக் கம்பெனி சைக்கிளா இருந்தாலும், பழைய பெயின்ட்ல, குறிப்பா மஞ்சள், சிவப்புல, ஈயம் இருக்கலாம். கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. தூசு தரையில படியும், கையில ஒட்டும், வாய்க்குப் போகும். பெரியவங்களை விட 4-5 மடங்கு ஈயத்தைக் குழந்தை உடம்பு உறிஞ்சும். பாதுகாப்பான அளவுன்னு எதுவும் இல்லைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. மூளைக்கு ஆன பாதிப்பு திரும்பாது.

4/ "அதான் சட்டம் இருக்கே டாக்டர்?" இருக்கு. 2017 நவம்பர்ல வந்த 90 பிபிஎம் வரம்பு, வீட்டு பெயின்ட்டுக்கும் அலங்கார பெயின்ட்டுக்கும்தான். உங்க சைக்கிள் பெயின்ட் அதுக்கெல்லாம் முன்னாடி அடிச்சது.

5/ என்ன செய்யலாம்?
- வாட்டர் பேப்பரை நனைச்சு, வெளியில வச்சு தேயுங்க.
- என்95 மாஸ்க் போடுங்க. கர்ச்சீப் பத்தாது.
- நெருப்பு காட்டி பெயின்ட்டை உரிக்காதீங்க.
- துடைப்பம் வேணாம். ஈரத்துணியால துடைங்க.
- குளிச்சிட்டு குழந்தையைத் தூக்குங்க.
- புது டின்ல ‘ஈயம் சேர்க்காதது’னு போட்டிருக்கான்னு பாருங்க.

6/ எண்ணூர் சாம்பலும் லாரிப் புகையும் நம்ம புள்ளைங்களுக்கு ஏற்கெனவே போதும். மாஸ்க்ல மிச்சம் பிடிச்ச காசுக்கு வட்டியை அவங்க கட்ட வேணாம்.