‘சிம்பிள்’ என்னும் சோம்பல்!

வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் அரை நாழிகை நின்று கேளுங்கள், தமிழர்களே! “சிம்பிளான அறை போதும்” என்பார் ஒருவர். “கணக்கு சிம்பிள்” என்பார் கடைக்காரர். “ஆள் சிம்பிள்” என்று பாராட்டுவார் மற்றொருவர். “சிம்பிளாகச் சொன்னால்…” என்று தொடங்காமல் பேச்சே எழுவதில்லை!

ஓர் அயற்சொல் எத்தனை தமிழ்ச்சொற்களை விழுங்கிவிட்டது, பாருங்கள்! அறையோ எளியது; கணக்கோ எளிது; ஆளோ பகட்டில்லாதவர்; பேச்சோ ஒளிவுமறைவற்றது. இந்நான்கும் ஒன்றா? வட்டியிலுங்கூடத் ‘தனிவட்டி’ என்னும் தெளிந்த சொல் நம்மிடம் உண்டு. ஆங்கிலத்திலோ அச்சொல் அறிவு குறைந்தவனையும் குறிக்கும். பாராட்ட எண்ணிப் பழிக்கின்றோம், பழித்ததையும் அறியோம்!

“பொருள் விளங்கினால் போதாதா?” என்பர் சிலர். போதாது! வேறுபாடு காட்டும் சொற்கள் வழக்கிழந்தால், வேறுபடுத்திக் காணும் அறிவும் மழுங்கும். ‘நேர்’ என்பதினின்று ‘நேர்மை’யை ஈன்ற மொழி இது. செம்மையைத் தன் பெயரிலேயே தாங்கிச் ‘செந்தமிழ்’ என நின்ற மொழி இது. நேராகவும் எளிதாகவும் பேச இம்மொழிக்கா கடன் வேண்டும்?

வேளாங்கண்ணிக்கு வடக்கே, அணித்தேயுள்ள நாகப்பட்டினத்தில் 1876-இல் பிறந்தவர் மறைமலையடிகள். 1916-இல் தனித்தமிழ் இயக்கங் கண்ட அப்பெருமகனார், ‘வேதாசலம்’ என்ற தம் பெயரையே ‘மறைமலை’ எனத் தமிழாக்கிக் கொண்டார். பெற்றோர் இட்ட பெயரையே அவர் மாற்றினார். நாவில் ஒட்டிய ஒரு சொல்லை உதற நமக்கு இயலாதா? இன்றே உதறுங்கள்! எளிமையை எளிமை என்றே சொல்லுங்கள்!