யாப்பகூவாவின் கற்படிகள்

விடுமுறை நாளொன்று வாய்த்துவிட்டால், விடிவதற்கு முன் புறப்பட்டு ஐந்தாறு ஊர்களைப் பார்த்து முடித்துவிட வேண்டுமென்று துடிக்கும் குடும்பங்கள் பல. பஸ்ஸிலிருந்து இறங்குவதும், படம் பிடித்துக்கொண்டு மறுபடி ஏறுவதுமாகவே அன்றைய பொழுது கழிந்துவிடும். குருநாகல் நகரைச் சூழத் தம்பதெனியா, பண்டுவஸ்நுவர, யாப்பகூவா எனப் பழைய அரசிருக்கைகள் பல உள்ளன. கையிலிருப்பது ஒரு நாளேயாயின் யாப்பகூவா ஒன்றையே தெரிந்தெடுங்கள் என்பேன்.

வழி எளிது. கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ புகையிரதத்தில் வருவோர், மட்டக்களப்புப் பாதை பிரியும் மாகோ சந்தியில் இறங்கவேண்டும். அங்கிருந்து சில மைல் தூரமே. சமவெளியின் நடுவே ஏறக்குறைய 300 அடி உயரத்தில் ஒற்றைப் பாறை எழுந்து நிற்கும். வெயில் ஏறுமுன் சேர்ந்துவிடுவது நன்று; கையிலே தண்ணீர் இருக்கட்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கலிங்க மாகன் பொலன்னறுவையைக் கைப்பற்றியிருந்த காலத்தில், சுபன் என்னுந் தளபதி இப்பாறையை அரணாக்கிக் கொண்டான். சூளவம்சம் இதனைச் சுபகிரி என்று வழங்கும். பின்னர், தம்பதெனியாவில் நான்காம் விஜயபாகு தன் சேனாதிபதியின் சூழ்ச்சியாற் கொலையுண்டபோது, அவன் தம்பி முதலாம் புவனேகபாகு தப்பியோடி வந்து தஞ்சம் புகுந்ததும் இங்கேதான். அரசு கைக்கு வந்தபின் இதனையே தலைநகராக்கினான். புனித தந்ததாதுவும் இங்கே எழுந்தருளியது. 1283ஆம் ஆண்டில் எகிப்து நாட்டுச் சுல்தானிடம் தூதனுப்பியவனும் இவ்வரசனே. காட்டு நடுவேயிருந்த கோட்டையின் பார்வை கெய்ரோ வரை சென்றது!

அகழியையும் மதிலையும் கடந்தால் மூன்று அடுக்காக உயரும் படிக்கட்டைக் காணலாம். மேலடுக்கிலேதான் சிற்பியின் கைவண்ணம் முழுவதும் இருக்கிறது. இருபுறமும் விழித்த கண்ணும் திறந்த வாயுமாகச் சிங்கங்கள். வாயிலின் அடித்தளத்தில் ஆடுவோரும் முழவு கொட்டுவோரும். படிகள் செங்குத்தானவை. முதியோர் அவசரப்படாமல் ஏறுக. இளைஞரும் அவசரப்படலாகாது என்பது என் கட்சி. ஓடி ஏறுகிறவன் கண்ணுக்கு அந்த முழவுக்காரன் அகப்படுவதில்லை. சற்று நின்று பார்ப்பவருக்கு இவ்வேலைப்பாட்டில் தென்னிந்தியச் சிற்பமரபின் சாயல் புலப்படும்.

அந்தத் தென்னிந்தியாவிலிருந்தே படையும் வந்தது. புவனேகபாகு 1284இல் இறந்தபின் நாட்டிற் பஞ்சம் தலைவிரித்தாடிய வேளையில், பாண்டிய நாட்டுப் படையொன்று இக்கோட்டையுட் புகுந்தது. தந்ததாதுவையும் திரண்ட செல்வத்தையும் கவர்ந்து சென்று குலசேகர பாண்டியனிடம் ஒப்புவித்தது. படையை நடத்தி வந்தவர் ஆரியச்சக்கரவர்த்தி என்னுந் தமிழ்த் தலைவர். ஆரியர் அல்லராயினும் அப்பெயர் பூண்டவர் என்று சூளவம்சம் ஒரு குத்தலுஞ் சேர்த்தே எழுதுகிறது. யாழ்ப்பாண மன்னர் தாங்கிய பட்டமும் ஆரியச்சக்கரவர்த்தி என்பதே. இவருக்கும் அவர்களுக்கும் உள்ள உறவுபற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

நம்மவர் பிள்ளைகளை இங்கு அழைத்து வரும்போது இந்தப் பகுதியை மெல்ல விழுங்கிவிடுவதுண்டு. வேறு சிலர் வெற்றி முழக்கமாகவே சொல்லிவிடுவர். இரண்டும் எனக்கு உடன்பாடல்ல. "வந்தவர்கள் நம்மவர்களா, ஐயா?" என்று மாணவன் கேட்டால், "ஆம், தமிழர்தாம், கொண்டு போனது பிறர் உயிராய்ப் போற்றிய பொருள்" என்று நேரே சொல்லவேண்டும். சொன்னபின் கதையை நடுவில் நிறுத்திவிடவுங் கூடாது. தந்ததாதுவைப் படைகொண்டு மீட்க வழியில்லையெனக் கண்ட மூன்றாம் பராக்கிரமபாகு, தானே பாண்டிய நாடு சென்றான். நாள்தோறும் மன்னனோடு உரையாடி அவன் உள்ளத்தை மகிழ்வித்து, அவன் கையிலிருந்தே அதனைப் பெற்று மீண்டு, பொலன்னறுவையிற் சேர்த்தான். பாண்டியனும் மனமிசைந்து கொடுத்தான் என்பதையும் பிள்ளைகள் அறியட்டும். அந்த உரையாடல் எந்த மொழியில் நடந்ததென்று உயர்வகுப்பு மாணவர் சிந்தித்துப் பார்க்கலாம். நல்ல கட்டுரைப் பொருள்.

பாறையின் உச்சியில் இன்று எஞ்சியிருப்பது சிறிதளவே. ஆயினும் ஏறுக, பகைவர் வரவைக் காவலர் எத்துணைத் தொலைவிற் கண்டிருப்பர் என்பது அங்கு நின்றாற்றான் விளங்கும்.

வாயிலின் இருமருங்கும் ஒரே கல்லிற் குடைந்த சாளரங்கள் முன்னர் இருந்தன. வளையம் வளையமாகத் துளைத்து, வளையந்தோறும் ஆடும் உருவமோ விலங்கோ அமைத்த வேலை அது. அவற்றுள் ஒன்று இப்பொழுது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அடுத்த முறை கொழும்பு செல்லும்போது பிள்ளைகளை அதன்முன் நிறுத்தி, வாயிலின் எப்பக்கத்தில் இது பொருந்தியிருக்கும் என்று கேளுங்கள். வீட்டில் முன்னைய பத்து ரூபாய் நோட்டு ஏதேனும் எஞ்சியிருந்தால் அதையும் எடுத்துக் காட்டலாம். யாப்பகூவாச் சிங்கம் அதிலே வாய் திறந்தபடி இருக்கிறது.