பாடத்திட்டக் குழுவில் மாணவருக்கு இடம் வேண்டும்

பெறுநர்:
தலைவர், இளநிலை மருத்துவக் கல்வி வாரியம், தேசிய மருத்துவ ஆணையம், புது தில்லி.
துணைவேந்தர், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், கிண்டி, சென்னை.

பொருள்: மருத்துவப் பாடத்திட்டத்தை வகுப்பதிலும் மதிப்பிடுவதிலும் மாணவர்களைச் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எம்.பி.பி.எஸ். படிப்புக்கான திருத்திய வழிகாட்டுதலை ஆணையம் 2024 ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்டது. அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. செப்டம்பர் 5 அன்று திரும்பப் பெறப்பட்டது. தடயவியல் மருத்துவப் பாடத்தில், பெண்களின் தன்பாலின உறவு பாலியல் குற்றங்களின் பட்டியலில் மீண்டும் நுழைந்திருந்தது. மாற்றுத்திறனாளிகள் குறித்த பயிற்சியோ விடுபட்டிருந்தது. தன்பாலின உறவைக் குற்றமாகக் காட்டும் பாடங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்து, ஆணையமும் நூலாசிரியர்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பி அப்போது மூன்றாண்டுகள்தான் ஆகியிருந்தன. வரைவை மாணவர்களிடம் காட்டியிருந்தால் ஒரே மாலையில் இதைச் சுட்டிக்காட்டியிருப்பார்கள் என்று எங்கள் மருத்துவ மாணவர் சங்கம் உறுதியாக நம்புகிறது.

ஒவ்வொரு துறையும் தன் பாடத்தை அறியும். எல்லாத் துறைகளின் வழியாகவும் நடந்து வருபவர் மாணவர் மட்டுமே.

2019இல் வந்த திறன்சார் பாடத்திட்டம் நல்ல நோக்கம் கொண்டது. சங்கம் அதை வரவேற்கிறது. ஆனால் வார்டில் நடப்பது வேறு. மண்ணீரல் வீங்கிய நோயாளியின் கட்டிலைச் சுற்றி ஒரு பேட்ச் மொத்தமும் நிற்கிறது. முன்னால் நிற்கும் நான்கைந்து பேர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார்கள். பின்வரிசை மாணவி, முன்னே நிற்பவர் சொன்ன ‘இரண்டு விரற்கடை’யை நோட்டில் குறித்துக்கொள்கிறார். போஸ்டிங் முடியும் நாளில் அவருடைய லாக் புக்கிலும் அதே திறனுக்கு நேரே கையெழுத்து விழுந்துவிடுகிறது. பலர் கையாலும் மாறி மாறி அழுத்தப்படும் நோயாளியின் வேதனை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இதை உள்ளபடி சொல்லக்கூடியவர் அந்தப் பின்வரிசை மாணவிதான். அவரை யாரும் கேட்பதில்லை.

கேட்டாலும் அவர் பேசுவாரா? பல்கலைக்கழகத் தேர்வு எழுத, உள்மதிப்பீட்டில் எழுத்து, செய்முறை இரண்டும் சேர்த்து 50 சதவீதம் வேண்டும். அந்த மதிப்பெண்ணைப் போடும் ஆசிரியரைப் பற்றிய கருத்துப் படிவத்தில் பதிவெண்ணையும் எழுதச் சொன்னால், ‘மிக நன்று’ என்பதைத் தவிர வேறெதுவும் வராது.

அச்சமின்றிப் பதில் சொல்லும்படி கேட்டால் மாணவர்கள் பேசுகிறார்கள் என்பதற்கு ஆணையத்திடமே சான்று இருக்கிறது. மனநலம் குறித்து அதன் பணிக்குழு இணையவழியில் கேட்டபோது 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் பதிலளித்தனர். மனநலப் பாதிப்பு தங்களுக்குக் கண்டறியப்பட்டிருப்பதாக இளநிலையில் 27.8 சதவீதத்தினர் தெரிவித்தனர். இவ்வளவு வெளிப்படையாகப் பேசியவர்களைப் பாடத்திட்டத்தில் மட்டும் வெளியே நிறுத்துவது நியாயமல்ல.

உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் அங்கீகாரத்தை ஆணையம் 2023இல் பத்தாண்டுகளுக்குப் பெற்றது. பாடத்திட்டத்தை வகுத்தல், நடத்துதல், மதிப்பிடுதல் ஆகிய அனைத்திலும் மாணவர் பிரதிநிதித்துவம் வேண்டும் என்பது அக்கூட்டமைப்பின் 2015ஆம் ஆண்டுத் தரவரையறைகளிலேயே உள்ளது. அமெரிக்காவில் கல்லூரிக்கு அங்கீகாரம் தரும் முன், நிர்வாகத்தின் தலையீடின்றி மாணவர்களே கருத்துக்கணிப்பு நடத்தி எழுதிய அறிக்கையும் பரிசீலிக்கப்படுகிறது. அதே முறையை இங்கும் ஆய்வின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும் என்பது சங்கத்தின் முதன்மைக் கோரிக்கை.

ஒவ்வொரு கல்லூரியின் பாடத்திட்டக் குழுவிலும் ஒவ்வொரு படிப்பாண்டுக்கும் இருவர் வீதம், டீன் நியமிப்பவர்களாக இல்லாமல் மாணவர்களே தேர்ந்தெடுத்தவர்களாக, வாக்குரிமையுடன் இடம்பெற வேண்டும். அவர்களில் பாதிப்பேர் மாணவியராக இருக்க வேண்டும். ஹவுஸ் சர்ஜன்களுக்கும் தனி இடம் தேவை. படித்தவற்றில் எது கைகொடுத்தது என்பதை இரவு டியூட்டியில் உணர்ந்தவர்கள் அவர்களே. கருத்துப் படிவத்தில் பெயரோ பதிவெண்ணோ கேட்கக் கூடாது. மதிப்பெண் வெளியான பிறகே அப்படிவத்தைத் துறையிடம் தர வேண்டும். எந்தக் குறை சரிசெய்யப்பட்டது, எது முடியவில்லை, ஏன் முடியவில்லை என்பதைக் கல்லூரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

அடுத்த திருத்த வரைவை, இறுதி செய்வதற்கு 30 நாள் முன்பாகவே மாணவர் கருத்துக்கு வெளியிடுமாறும், இக்கோரிக்கைகளை நேரில் விளக்கச் சங்கப் பிரதிநிதிகளுக்கு நேரம் ஒதுக்குமாறும் பணிவுடன் வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
மருத்துவ மாணவர் சங்கத்தின் சார்பில்,
தலைவர், செயலாளர்