நான் அப்பவே சொன்னன்!

1996 மார்ச் மாதம் லாகூரில் இலங்கை அணி ஆஸ்திரேலியாவை வென்று உலகக் கிண்ணத்தைத் தூக்கிய மறுநாள், சந்தையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் "நான் அப்பவே சொன்னன்" என்று சொல்லாத ஆண்பிள்ளையே இருக்கவில்லை. முதல்நாள் வரை அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது வீட்டிலிருந்த நமக்குத்தான் தெரியும். நாமும் குறைந்தவர்கள் இல்லை. ஒரு சம்பந்தம் முறிந்தால், ஒரு பிள்ளை பரீட்சையில் தவறினால், அழுகிற தாய்க்குத் தண்ணீர் கொடுக்கும் முன்பே இந்த வார்த்தையைக் கொடுத்துவிடுகிறோம்.

கட்டைபறிச்சானிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மகனுக்குப் பதினாறு வயது. இது அவன் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய வருடம். "இந்தப் போக்கில் போனால் இவன் தேறமாட்டான்" என்று கணித ஆசிரியர் சொல்லியனுப்பியிருக்கிறார். மகனோ சுவரில் ஒட்டியிருக்கும் முஹம்மத் அலியின் படத்தைக் காட்டி, "இவரையும் எல்லாரும் தோற்பார் என்றுதான் சொன்னாங்க உம்மா, வென்று காட்டினார்தானே" என்றானாம். "அவர் வெல்லுவார் என்று உண்மையிலேயே ஒருவருக்கும் முன்கூட்டித் தெரியாதா? மகனுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று கேட்கிறார். இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார், அதைப் பிறகு பார்ப்போம்.

பையன் சொல்வது 1964 பெப்ரவரி 25ஆம் திகதி அமெரிக்காவின் மயாமி பீச்சில் நடந்த போட்டியை. அன்று அவர் பெயர் முஹம்மத் அலி அல்ல, காசியஸ் கிளே. வயது 22. எதிரே நின்றவர் ஹெவிவெயிட் உலகச் சம்பியன் சொனி லிஸ்டன். சிறையில் இருந்து வந்தவர். பார்வையாலேயே ஆளை நடுங்க வைப்பவர் என்று பெயர். முந்திய சம்பியன் புளோய்ட் பெட்டர்சனை 1962லும் 1963லும் இரண்டு தடவை முதல் சுற்றிலேயே விழுத்தியவர். கிளேயோ அதற்கு முந்திய வருடம் லண்டனில் ஹென்றி கூப்பரின் ஒரு குத்தில் கீழே விழுந்து எழும்பியவர்.

ஆகவே உலகம் லிஸ்டன் பக்கம் நின்றது. பந்தயக்காரர்களின் கணக்கு ஏழுக்கு ஒன்று. (சூது நமக்கு ஹராம். அந்நாளைய ஆட்களின் எண்ணத்தை அளக்கத்தான் இதைச் சொல்கிறேன்.) மேடையருகே இருந்த 46 பத்திரிகையாளர்களில் 43 பேர் லிஸ்டன் பெயரையே சொன்னார்கள். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை இதைப் பெரிய போட்டியாகவே எடுக்காமல் ரொபர்ட் லிப்சைட் என்ற இளம் நிருபரை அனுப்பியது. போட்டி நடக்கும் மண்டபத்திலிருந்து அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளும்படியும் அவருக்குச் சொல்லியிருந்தது. கிளே நிச்சயம் அங்கேதான் போவார் என்ற நினைப்பு! அன்று காலை எடை பார்க்கும்போது கிளே போட்ட கூச்சலில் அவருடைய நாடித்துடிப்பு 120க்கு ஏறியிருந்தது. பயத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்றார்கள்.

இரவு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆறு சுற்றுக்கள் முடிந்தன. ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் தோள் வலிக்கிறது என்று ஆசனத்தை விட்டு எழும்பவேயில்லை.

சரி, யாருக்குத் தெரிந்திருந்தது? மெல்கம் எக்ஸ் நம்பினார். மனைவி பெட்டியையும் பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மயாமிக்குப் போய் கிளேயின் விருந்தாளியாக இருந்தார். இந்த வெற்றி இறைவன் நாடியது என்று கிளேயிடம் சொல்லித் தைரியம் கொடுத்தார். ஆனால் இருவரும் சார்ந்திருந்த 'நேஷன் ஒஃப் இஸ்லாம்' இயக்கத்தின் தலைமையோ கிளே தோற்பார் என்றே எண்ணி, தம் பெயர் கெடக்கூடாதென்று ஒதுங்கியே நின்றது. வென்ற பிறகுதான் அவரைச் சொந்தம் கொண்டாடி, மார்ச் 6ஆம் திகதி முஹம்மத் அலி என்று பெயர் சூட்டியது. அந்த இயக்கத்தின் கொள்கைகள் பல நம் அகீதாவுக்கு மாறானவை என்பதையும் சகோதரிகள் அறிய வேண்டும். 1975க்குப் பிறகே அலி அதை விட்டு, நாம் அறிந்த இஸ்லாத்தின் வழிக்கு வந்தார், அல்ஹம்துலில்லாஹ்.

கிளேக்குத் தெரிந்திருந்ததா? வெல்வேன் என்று ஊரெல்லாம் முழங்கினார், உண்மை. ஆனால் எட்டாவது சுற்றில் விழுத்துவேன் என்பதே அவர் சொன்ன கணக்கு. அதுவும் சரிவரவில்லை. முந்திய வருடம் டக் ஜோன்ஸை நாலாம் சுற்றில் முடிப்பேன் என்றார்; பத்துச் சுற்றும் ஆடித்தான் வெல்ல முடிந்தது. லிஸ்டனோடு ஆடிய இரவில் நாலாம் சுற்று முடிந்தபோது கண்ணில் ஏதோ பட்டு எரிந்து பார்வை மங்கியது. "கையுறையை வெட்டி எடுங்கள்" என்று சத்தம் போட்டார். பயிற்சியாளர் ஆஞ்செலோ டண்டீ கண்ணைக் கழுவி மேடைக்குத் தள்ளிவிட்டிருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நாளைக்கு நடப்பது தெரிந்த மனிதர் அப்படிப் பதறியிருப்பாரா? மறைவானதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. குறி கேட்பதும் பால் கிதாபு பார்ப்பதும் இன்னும் சில வீடுகளில் நடப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் பார்த்து அறிவது வேறு. கடலுக்குப் போகிற மனிதர் விடிய முன் எழும்பி, வீசுவது கச்சானா வாடையா என்று பார்த்துத்தான் தோணியைத் தள்ளுகிறார். அதை யாரும் குறி என்று சொல்வதில்லை. மயாமியிலும் பார்க்க விஷயம் இருந்தது. 1961 டிசம்பரிலிருந்து அந்த இரவு வரை லிஸ்டன் ஆடியது மூன்றே போட்டிகள். மூன்றும் முதல் சுற்றிலேயே முடிந்தன. இரண்டு வருடத்துக்கு மேல், மேடையில் அவர் நின்ற நேரம் எல்லாம் சேர்த்துச் சுமார் ஆறு நிமிடம்! கிளே அந்தக் காலத்தில் அதிகம் ஆடினார், அவரைவிட உயரம், இளமை, ஓடும் கால். 19 போட்டிகளில் ஒன்றிலும் தோற்கவில்லை. இதெல்லாம் பத்திரிகையில் வந்த விஷயம்தான். 43 பேரும் கிளேயின் வாயைப் பார்த்து எரிச்சல்பட்டார்களே தவிர, இதைக் கூட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் பையனுக்குத் தெரியாத பாதி இனித்தான் வருகிறது. அலியிடம் பல வருடம் வைத்தியராக இருந்தவர் பேர்டி பச்சேகோ. 1977 செப்டம்பரில் ஏர்னி ஷேவர்ஸுடன் பதினைந்து சுற்று அடிவாங்கி அலி வென்ற பிறகு, அவருடைய சிறுநீரகங்கள் கெடுவதைக் காட்டும் ஆய்வுகூட அறிக்கை பச்சேகோவின் கைக்கு வந்தது. ஆடியது போதும் என்று எழுதி, அறிக்கையின் பிரதியையும் வைத்து அலிக்கும் அவரோடு நெருக்கமானவர்களுக்கும் அனுப்பினார். பதில் வரவில்லை. மனிதர் விலகிக்கொண்டார். அடுத்த பெப்ரவரியில், தொழிலில் ஏழே போட்டி ஆடியிருந்த லியோன் ஸ்பிங்ஸிடம் அலி தோற்றார். ஏழு மாதத்தில் பட்டத்தைத் திருப்பி எடுத்தார், ஓய்வும் அறிவித்தார். 1980 தொடக்கத்தில் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வரவேற்றார். அத்தோடு நின்றிருக்கலாம். அதே வருடம் ஒக்டோபரில், முன்பு தன்னோடு பயிற்சி எடுத்த லாரி ஹோம்ஸின் முன் பத்துச் சுற்று நின்று அடிவாங்கினார். டண்டீதான் போதும் என்று நிறுத்தினார். 1981 டிசம்பரில் இன்னுமொன்று, அதுவும் தோல்வி.

1984இல் அவருக்குப் பார்கின்சன் நோயின் அறிகுறிகள் இருப்பதாக வைத்தியர்கள் சொன்னார்கள். வாங்கிய அடிகள் மட்டும்தான் காரணமா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. 2016 ஜூன் 3ஆம் திகதி 74ஆவது வயதில் வபாத்தாகும் வரை, அந்த நடுங்கும் கையும் அடங்கிய குரலும்தான் அவரோடு இருந்தன. ஒருமுறை எல்லாருடைய வாயையும் அடைத்துவிட்ட மனிதருக்கு, பிறகு எவருடைய எச்சரிக்கையும் அந்த 43 பேருடைய பேச்சாகவே கேட்டிருக்கும் போல. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சகோதரி, மகனிடம் ஒன்றைக் கேளுங்கள். கணித வாத்தியார் 43 பேரில் ஒருவரா, பச்சேகோவா? உங்கள் மகனின் கொப்பியை மாதக்கணக்காகத் திருத்துகிறவர் அவர். எந்தக் கணக்கில் தடுமாறுகிறான், எத்தனை நாள் வகுப்புக்கு வரவில்லை என்று பார்த்துவிட்டுச் சொல்கிறார். கிளேயைப் பற்றிச் சொன்னவர்களில் அநேகருக்கு அவர் விடிய ஓடியதும் தெரியாது, நாள் முழுக்கப் பழகியதும் தெரியாது. பையன் அப்படி ஓடுகிறானா என்பதும் உங்களுக்குத் தெரியும். அதற்காக வாத்தியார் சொன்னது தீர்ப்பு என்று நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம். "இந்தப் போக்கில் போனால்" என்றுதானே சொன்னார்? எந்தப் பாடத்தில் எவ்வளவு பின்னுக்கு நிற்கிறான் என்று நேரில் போய்க் கேளுங்கள். வாப்பாவையும் கூட்டிப் போங்கள். பரீட்சை முடிந்த பிறகு யாரும் "அப்பவே சொன்னன்" என்று வந்தால், தேநீர் கொடுத்து அனுப்புங்கள்.

இனி இரண்டாவது கேள்வி: மகன் குத்துச்சண்டை பழகக் கேட்கிறான், விடலாமா? முகத்தில் அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். 1987இல் மக்காவில் கூடிய பிக்ஹு சபையின் உலமாக்களும், எதிரியைக் காயப்படுத்துவதையே நோக்கமாகக் கொண்ட இந்தக் குத்துச்சண்டை கூடாது என்று தீர்மானித்தார்கள். அலியின் மீதுள்ள பிரியத்துக்காக இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஆனால் கயிறு துள்ளுவதும், சுபஹு தொழுதுவிட்டு ஓடுவதும் அலி செய்தவைதான். அவற்றைத் தாராளமாகச் செய்யச் சொல்லுங்கள். ஓடிவிட்டு வந்ததும் கணக்குக் கொப்பியை எடுக்கட்டும்.